சும்மா பேருக்கு ஒரு டைரக்டர்

வணக்கம் சார்,

நான் ஈரோட்டில் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறேன். என் தாய்மாமா துணி ஏற்றுமதி செய்யும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி ஒன்றை நடத்துகிறார். கூட டைரக்டராக இருந்த அவருடைய நண்பர் விலகிவிட்டதால், அந்த இடத்தில் என் பெயரைப் போட வேண்டும் என்கிறார். "சும்மா பேருக்குத்தான் மாப்பிள்ளை, ஸ்லீப்பிங் டைரக்டர், நீ ஆபீஸ் பக்கமே வர வேண்டாம்" என்கிறார். என் அப்பா முன்பு ஒரு நூல் கடையில் ஸ்லீப்பிங் பார்ட்னராக இருந்தவர். அவரும் "லிமிடெட் கம்பெனிதானே, போட்ட பணத்துக்கு மேல் போகாது" என்கிறார். வங்கிப் பேப்பர் ஒன்றிலும் என் கையெழுத்து வேண்டுமாம். சட்டப்படி ஸ்லீப்பிங் டைரக்டருக்கு என்ன பொறுப்பு? நான் மறுத்தால் அத்தையின் பெயரைப் போட்டுக்கொள்வதாகவும் மாமா சொல்கிறார்.

செ., ஈரோடு

அன்புள்ள செ.,

உங்கள் மாமா ஏமாற்றுகிறார் என்று நான் நினைக்கவில்லை. எத்தனையோ குடும்பக் கம்பெனிகள் இப்படித்தான் ஓடுகின்றன, பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் அவர் உங்களுக்குத் தருவதாகச் சொல்லும் பதவி 2013 கம்பெனிகள் சட்டத்தில் இல்லை. மேனேஜிங் டைரக்டர் உண்டு, முழுநேர டைரக்டர் உண்டு, இண்டிபெண்டன்ட் டைரக்டர் உண்டு, தூங்குகிற டைரக்டர் மட்டும் கிடையாது. பார்ட்னர்ஷிப் காலத்துப் பேச்சு அப்படியே கம்பெனிக்கும் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

அந்தப் பார்ட்னர்ஷிப்பிலேயே தூங்குவது ஒன்றும் பாதுகாப்பாக இருந்ததில்லை. 1932 பார்ட்னர்ஷிப் சட்டத்தின் 25-ஆவது பிரிவுப்படி கடையின் கடனுக்கு எல்லா பார்ட்னர்களும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு. கடைக்கு வராதவருக்கு அதில் தள்ளுபடி இல்லை. ஒரே ஒரு சலுகை உண்டு, அதுவும் வெளியேறும்போதுதான்: விலகியதைப் பொது அறிவிப்பாகச் சொல்லாத பார்ட்னர் பிந்தைய கடனுக்கும் மாட்டிக்கொள்வார், ஆனால் அவர் பார்ட்னர் என்றே தெரியாமல் கடையோடு வியாபாரம் செய்தவர் அவரைப் பிடிக்க முடியாது. மற்றபடி அப்பா அத்தனை வருடமும் தூங்கியது சொந்த வீட்டுப் பத்திரத்தைத் தலைக்கு வைத்துக்கொண்டுதான்.

"போட்ட பணத்துக்கு மேல் போகாது" என்று அவர் சொல்வது சரி, ஆனால் அது கம்பெனியின் ஷேரை வைத்திருக்கும் பங்குதாரருக்கு. டைரக்டருக்கான கணக்கு வேறு. குடும்பக் கம்பெனிகளில் ஒரே ஆள் பங்கும் வைத்துக்கொண்டு டைரக்டராகவும் இருப்பதால் இரண்டும் ஒன்று என்று ஆகிவிட்டது. உங்களை மாமா பங்கு வாங்கச் சொல்லவில்லை, போர்டில் உட்காரச் சொல்கிறார்.

போர்டு என்றால் சட்டத்தில் டைரக்டர்கள் எல்லோரும் சேர்ந்த ஒரு கூட்டு அமைப்பு. கம்பெனியின் அதிகாரம் அந்தக் கூட்டத்திடம் இருக்கிறது, தனி டைரக்டரிடம் இல்லை. பிரைவேட் கம்பெனிக்குக் குறைந்தது இரண்டு டைரக்டர்கள் வேண்டும். போர்டு கூட்டத்துக்கான கோரமும், அதாவது கூட்டம் செல்லுபடியாக வர வேண்டிய குறைந்தபட்ச ஆட்களும், மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு அல்லது இரண்டு பேர், இதில் எது அதிகமோ அது. மாமாவுக்கு உங்கள் பெயர் தேவைப்படுவதே இதனால்தான். இப்போது யோசித்துப் பாருங்கள், இருப்பது இரண்டே பேர், நீங்கள் ஆபீஸ் பக்கமே போகவில்லை, வீடியோவிலும் வரவில்லை என்றால் எந்தக் கூட்டத்துக்கும் கோரம் இருக்காது, கோரம் இல்லாத கூட்டத்தில் போட்ட தீர்மானத்தை யாராவது எதிர்த்தால் அது நிற்காது. ஆனாலும் வங்கிக்கும் கம்பெனிகளைப் பதிவு செய்யும் ரிஜிஸ்திராருக்கும் தீர்மானம் கொடுத்தாக வேண்டும். அப்போது கூட்டக் குறிப்பான மினிட்ஸில் என்ன எழுதுவார்கள்? நீங்கள் வந்திருந்ததாகத்தான் எழுதுவார்கள்.

அங்கேதான் வினை. ஒரு மீறல் நடக்கும்போது 'தவறிழைத்த அதிகாரி' யார் யார் என்று 2(60)-ஆவது பிரிவு ஒரு பட்டியல் தருகிறது. போர்டு நடவடிக்கைகள் தன் கைக்கு வந்ததாலோ, கூட்டத்தில் கலந்துகொண்டு எதிர்ப்புச் சொல்லாமல் இருந்ததாலோ அந்த மீறலை அறிந்திருந்த டைரக்டர் அதில் வருகிறார். நீங்கள் போகாத கூட்டத்தில் எதிர்க்காமல் உட்கார்ந்திருந்த ஆளாக ரிக்கார்டில் இருப்பீர்கள். சரி, மினிட்ஸில் உண்மையையே எழுதினார்கள் என்று வைத்துக்கொள்வோம், அப்போது 167-ஆவது பிரிவு வருகிறது. பன்னிரண்டு மாதம் நடந்த எந்தக் கூட்டத்துக்கும் வராதவரின் பதவி, லீவு கேட்டிருந்தாலும் கேட்காவிட்டாலும், தானாகவே காலியாகிவிடும். ஆக, இரண்டு பேர் போர்டில் ஒருவர் தூங்க வழியே இல்லை.

உங்களுக்குச் சாதகமாகவும் ஒரு பிரிவு இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. 149(12)-இன்படி, அன்றாட நிர்வாகத்தில் இல்லாத, புரமோட்டரும் (கம்பெனியைத் தொடங்கி கையில் வைத்திருப்பவர்) அல்லாத டைரக்டர், போர்டு வழியாகத் தனக்குத் தெரிந்து, தன் சம்மதத்தோடு நடந்தவற்றுக்கு மட்டும்தான் பொறுப்பு. நல்ல குடைதான். ஆனால் அதே வாக்கியத்தின் கடைசியில், அவர் உரிய கவனத்தோடு நடந்துகொள்ளாத இடத்திலும் பொறுப்பு உண்டு என்று இருக்கிறது. கேள்வி கேட்டு, பேப்பர் படித்து, பிடிக்காததை மினிட்ஸில் பதிய வைத்தவருக்குத்தான் அந்தப் பிரிவு உதவும். நான் எதையும் பார்க்கவே இல்லை என்று சொல்லிக்கொண்டு அதற்குள் நுழைய முடியாது.

கம்பெனிச் சட்டத்தோடும் இது முடிவதில்லை. செக் திரும்பினால் செக் சட்டமான மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138, 141 பிரிவுகள். டைரக்டர் என்பதாலேயே குற்றவாளி ஆக்க முடியாது, வியாபாரத்தை நடத்தும் பொறுப்பில் அவர் இருந்தார் என்று புகாரில் சொல்லியிருக்க வேண்டும் என்று எஸ்.எம்.எஸ். பார்மாசூட்டிகல்ஸ் வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. ஆனால் மேனேஜிங் டைரக்டரும் செக்கில் கையெழுத்துப் போட்டவரும் இதிலிருந்து தப்ப முடியாது. இதில் ஒரு வேடிக்கை, கம்பெனிச் சட்டம் செக்கில் கையெழுத்துப் போடுவதை அன்றாட வேலை என்று ஒதுக்கி, அதனால் மட்டும் ஒருவர் மேனேஜிங் டைரக்டர் ஆகிவிட மாட்டார் என்கிறது. செக் சட்டத்துக்கோ அந்தக் கையெழுத்து ஒன்றே போதும். அதனால் செக் புத்தகத்தில் உங்கள் மாதிரிக் கையெழுத்தைக் கொடுக்க வேண்டாம்.

ஜிஎஸ்டியில் நிலைமை இன்னும் தலைகீழ். பிரைவேட் கம்பெனியிடம் வரியை வசூலிக்க முடியாமல் போனால் அந்தக் காலத்து டைரக்டர்கள் எல்லோரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு. என் அலட்சியத்தால் இது நடக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான், இலாகா அல்ல.

எனக்கு நிஜமாகவே பயமாக இருப்பது நீங்கள் போகிறபோக்கில் சொன்ன அந்த வங்கிப் பேப்பர். அநேகமாக அது தனிநபர் உத்தரவாதப் பத்திரமாக இருக்கும். சிசி லிமிட் (தேவைக்கேற்ப எடுத்துக்கொள்ளும் வியாபாரக் கடன்) கொடுக்கும்போது எல்லா டைரக்டர்களிடமும் அதை வாங்குவது வங்கிகளின் வழக்கம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 128-ஆவது பிரிவுப்படி, பத்திரத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, ஷூரிட்டியின், அதாவது உத்தரவாதம் கொடுத்தவரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். கம்பெனியிடம் வசூலித்துப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்பதுகூட இல்லை. டைரக்டர் பதவியை விட்டாலும் இது கூடவே வரும். கம்பெனி திவால் சட்டத்தில் தீர்வு கண்டாலும் உத்தரவாதம் கொடுத்தவர் தானாக விடுபட மாட்டார் என்று 2021-இல் லலித் குமார் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 'லிமிடெட்' என்ற பாதுகாப்பை நீங்களே ஒரு கையெழுத்தில் எடுத்துவிடுகிறீர்கள். அதில் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதில் எல்லாம் யோசிக்க இடம் இருக்கிறது, இதில் இல்லை.

விலகுவது சுலபம்தான் என்று மாமா சொல்லக்கூடும். சட்டப்படி சுலபம்தான், உங்கள் கடிதம் கம்பெனிக்குக் கிடைத்த நாளிலோ நீங்கள் குறித்த நாளிலோ, எது பிந்தையதோ அன்று ராஜினாமா அமலாகிவிடும். கம்பெனி அதை ரிஜிஸ்திராருக்குத் தெரிவிக்கும் டிஐஆர்-12 படிவத்தைத் தாக்கல் செய்யாமல் இழுத்தடித்தால் நீங்களே டிஐஆர்-11 போடலாம். ஆனால் இருந்த காலத்துக் குற்றங்களுக்கான பொறுப்பு விலகிய பிறகும் போகாது. மூன்று வருடம் தொடர்ந்து கணக்கைத் தாக்கல் செய்யாத கம்பெனிகளின் டைரக்டர்கள் என்று 2017-இல் மத்திய அரசு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தகுதிநீக்கப் பட்டியலில் போட்டது. இன்னொரு கம்பெனியில் ஐந்து வருடம் டைரக்டராக முடியாது. முறையாக விசாரிக்காமல் செய்தது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல் தன்னிடம் வந்தவர்களுக்கு நிவாரணம் கொடுத்தது. கோர்ட்டுக்குப் போகாத பலர் பட்டியலிலேயே கிடந்தார்கள்.

அப்புறம், ஆன்லைன் படிவங்களில் கையெழுத்துப் போட டைரக்டர் வாங்கும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன். பென் டிரைவ் மாதிரி இருக்கும். அதை வாங்கியதும் பாஸ்வேர்டோடு ஆடிட்டர் ஆபீஸ் மேஜையில் போட்டு வைப்பது ஊர் வழக்கம். வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

மாமாவுக்கு நிஜமாகவே இன்னொரு ஆள் தேவையில்லை என்றால் ஒருநபர் கம்பெனியாக மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரே பங்குதாரர், ஒரே டைரக்டர் போதும். முன்பு இருந்த மூலதன, விற்றுமுதல் வரம்புகளை 2021-இல் எடுத்துவிட்டார்கள். வங்கியில் சில கேள்விகள் வரும், வேறு யாராவது பங்கு வைத்திருந்தால் அதை அவர் பெயருக்கு மாற்ற வேண்டும், ஆடிட்டருக்கு ஒரு வார வேலை. அதைவிட்டு நீங்கள்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், கடைசி மூன்று வருடப் பேலன்ஸ் ஷீட், ஜிஎஸ்டி, பிஎஃப் பாக்கி விவரம், வங்கியின் கடன் அனுமதிக் கடிதம் இவற்றைக் கேளுங்கள். கொடுத்தால் படித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள், நல்ல கம்பெனியாகவும் இருக்கலாம். அப்படிச் சேர்ந்தால் கூட்டத்துக்குப் போங்கள்.

அத்தை விஷயம். நான் மேலே எழுதியதில் ஒரு வரிகூட அவருக்கு மாறாது. வங்கி உத்தரவாதத்தில் அவர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு, கேட்டுப் பாருங்கள். இந்தக் கடிதத்தை அவருக்கும் ஒரு தடவை படித்துக் காட்டுங்கள், மாமா இல்லாத நேரமாகப் பார்த்து.