ஞாயிறு ஆராதனைக்கு அப்பால்: சபை வாழ்க்கை பற்றிய கேள்வி பதில்

கேள்வி அனுப்பியவர்களில் அநேகர் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். அந்தச் சபைகளின் வழக்கத்தை வைத்தே பதில் எழுதுகிறேன். மற்ற சபைகளில் பெயரும் ஒழுங்கும் கொஞ்சம் மாறும்.

தூத்துக்குடி மாவட்டம் நாசரேத்திலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஞாயிறுதோறும் இங்குள்ள ஆலயத்துக்குப் போகிறேன். சபை மாறத்தான் வேண்டுமா?

மாறிவிடுங்கள், தம்பி. ஊர்ச் சேகர (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுதி) குருவானவரிடம், உங்கள் பேரை இங்கே மாற்றிக்கொள்ள மாற்றுக் கடிதம் கேளுங்கள். ஞானஸ்நானம், திடப்படுத்தல் (வளர்ந்தபின் விசுவாசத்தை அறிக்கையிட்டு உறுதிசெய்யும் சடங்கு) தேதிகள் அதில் இருக்கின்றனவா என்று வாங்கும்போதே பாருங்கள். சங்கக் காணிக்கை (சபை உறுப்பினர் கட்டும் சந்தா) பாக்கி இருந்தால் முதலில் அதைக் கட்டுங்கள். கடிதம் தாமதமாவது பெரும்பாலும் அங்கேதான். பலர் கல்யாண ஓலை (ஆலயத்தில் வாசிக்கும் திருமண அறிவிப்பு) வாசிக்க வேண்டிய நேரத்தில்தான் இதைத் தேடி ஓடுகிறார்கள். மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டியிருக்க, கையில் நாலு வாரம்கூட இருக்காது.

பதிவேட்டை விட்டுவிட்டுப் பார்த்தாலும், பேர் இல்லாத சபையில் நீங்கள் விருந்தாளிதான். இரண்டு வாரம் வராவிட்டால் தேடி வர ஆள் இருக்காது. கடிதம் கொடுக்கும் அன்றே உங்கள் தெரு எந்த ஜெபக்குழுவில் வருகிறது என்று கேட்டு, அந்த வாரமே போய்விடுங்கள்.

மைத்துனர் குடும்பத்தோடு பாதைத் தகராறு. இரண்டு குடும்பமும் ஒரே சபை. எட்டு மாதமாகப் பேச்சு இல்லை. இராப்போஜனம் (அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்து) எடுக்காமல் எழுந்து வந்துவிடுகிறேன். இது சரியா?

எழுந்து வருவது சுலபம், அக்கா. நாளடைவில் அதுவே பழகியும் போகும். மத்தேயு 5:23–24 காணிக்கையை வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகி, திரும்பி வரச் சொல்கிறது. விலகியே இருக்கச் சொல்லவில்லை. எப்படிப் போவது என்பது மத்தேயு 18:15–17இல் இருக்கிறது: முதலில் தனியாக, பிறகு ஒருவர் இருவரோடு, அதன் பிறகே சபை. நம் ஊர்களில் இது தலைகீழாக நடக்கிறது. எடுத்த எடுப்பிலேயே சேகரக் கமிட்டிக்கு மனு போகிறது. ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு யாருக்கும் இறங்கி வர மனசு வராது.

போனில் பேச வேண்டாம், வாட்ஸ்அப் வேண்டவே வேண்டாம். ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நிறுத்திப் பேசுவதும் ஆகாது. சுற்றி ஆள் நின்றால் இருவருமே விறைத்துக்கொள்வீர்கள். வாரநாள் சாயங்காலம், நேரம் கேட்டுக்கொண்டு, அவர் வீட்டுக்குப் போங்கள். முதல் பேச்சு உங்கள் பக்கத்துத் தவறாக இருக்கட்டும். பொத்தாம்பொதுவாக மன்னிப்புக் கேட்டால் எதற்கென்று அவருக்குத் தெரியாது. இன்ன நாள் இன்ன வார்த்தை சொன்னேன், அது தப்பு என்று சொல்லுங்கள். பாதையை அன்றைக்குப் பேச வேண்டியதில்லை. அதற்குத் தாலுகா அலுவலகத்தில் மனு கொடுத்து, கட்டணம் கட்டி, சர்வேயர் வந்து அளக்கட்டும். அளவு முடியும்வரை பேச்சை நிறுத்தி வைக்க அவசியம் இல்லை.

தனியாகப் போயும் நடக்காவிட்டால் இருவரை அழைத்துப் போங்கள். உங்கள் அண்ணனும் அவர் மச்சானும் வேண்டாம். அந்த நிலத்தில் ஒட்டும் உறவும் இல்லாதவர்களாகப் பாருங்கள். இதை ஜெபக்குறிப்பாக ஜெபக்கூட்டத்தில் மட்டும் சொல்லிவிடாதீர்கள். பேரைச் சொல்லாவிட்டாலும் எல்லாருக்கும் தெரியும், பிறகு சமாதானம் இன்னும் தள்ளிப் போகும்.

இவ்வளவுக்குப் பிறகும் அவர் முகம் கொடுக்காவிட்டால் ரோமர் 12:18ஐ வாசியுங்கள். “உங்களாலானமட்டும்” என்றுதான் அங்கே இருக்கிறது. குருவானவரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு இராப்போஜனப் பந்தியில் சேருங்கள்.

கையில் வருவது 28,000 ரூபாய், அதில் 11,000 கடன் தவணை. தசமபாகத்தை (வரவில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை) எப்படிக் கணக்குப் போடுவது?

மோசேயின் சட்டத்தில் தசமபாகம் தானியத்திலும் மந்தையிலும் போனது. மூன்றாம் வருடத்துப் பங்கு லேவியர் (ஆலயப் பணி செய்த கோத்திரத்தார்), பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை ஆகியோருக்கு (உபாகமம் 14:28–29). புதிய ஏற்பாட்டுச் சபைகளுக்கு விகிதம் எதுவும் குறிக்கப்படவில்லை. வரவுக்குத் தக்கதாக, ஒழுங்காக எடுத்து வைக்கச் சொல்கிறார் பவுல் (1 கொரிந்தியர் 16:2).

இப்போதைக்கு ஐந்து சதவீதம், அதாவது 1,400 ரூபாயில் தொடங்கலாம். சம்பளம் வந்த அன்றே தனிக் கவரில் போட்டுவிடுங்கள். மாதக் கடைசிக்குத் தள்ளினால் ஒன்றும் மிஞ்சாது. தவணை முடிய முடியக் கூட்டுங்கள். வட்டிக்கு வாங்கிக் காணிக்கை கொடுக்காதீர்கள். வீட்டு வேலை செய்யும் அம்மாவின் சம்பளத்தைத் தள்ளி வைத்துவிட்டும் கொடுக்காதீர்கள். ரசீது வாங்குங்கள். காணிக்கையை மூன்று பேராவது சேர்ந்து எண்ணி அன்றே கையெழுத்துப் போட வேண்டும். கணக்குக் கேட்பது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் 2 கொரிந்தியர் 8:20–21ஐக் காட்டுங்கள்.

பெண்கள் ஐக்கியத்தில் கைப்பிடி அரிசியை (சமைக்கும்போது ஒரு பிடி எடுத்து வைத்துச் சபைக்குக் கொடுப்பது) மறுபடி தொடங்கலாம் என்கிறார்கள். இந்தக் காலத்தில் பிரயோஜனப்படுமா?

தாராளமாக. ஒரு கைப்பிடி ஏறக்குறைய 35 கிராம். உலை வைக்கும்போதெல்லாம், நாளுக்கு இரண்டு பிடி என்றால், மாதம் ஒரு வீட்டிலிருந்து இரண்டு கிலோ. நாற்பது வீடு சேர்ந்தால் 80 கிலோ. ஐந்தாறு எளிய குடும்பங்களுக்கு மாத அரிசி. மிசோரம் சபைகளில் ‘பூஃபாய் தாம்’ என்று இதே பழக்கம் இருக்கிறது. அங்கே மிஷன் ஊழியத்துக்கு அது பெரிய பலம்.

கெடுவது இரண்டு இடத்தில். பச்சரிசி, புழுங்கல், ரேஷன் அரிசி மூன்றையும் ஒரே சாக்கில் கொட்டினால் ஒன்று குழையும், ஒன்று வேகாது. ஆலயத்தில் மூன்று டிரம் வைத்துப் பேர் எழுதி ஒட்டுங்கள். அடுத்தது வண்டு. ஈரக்கையால் அள்ளிப் போடக் கூடாது. டப்பாவில் நாலு காய்ந்த மிளகாய் போட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொண்டுவந்துவிட வேண்டும். கொடுக்கும்போது வரிசையில் நிறுத்திப் போட்டோ எடுக்காதீர்கள். இருட்டின பிறகு வீட்டில் கொண்டுபோய் வையுங்கள்.

ஆஸ்பத்திரியில் இருப்பவரைப் பார்க்கப் போனால் எவ்வளவு நேரம் இருக்கலாம்?

பத்து நிமிஷம். கட்டிலில் உட்காராதீர்கள், வியாதியின் விவரம் கேட்காதீர்கள். 121ஆம் சங்கீதம் எட்டே வசனம். மெதுவாக வாசித்து, சுருக்கமாக ஜெபியுங்கள். உடன் இருப்பவருக்குச் சாப்பாடு கொண்டுபோங்கள். ஒரு ராத்திரி அவருக்குப் பதிலாகத் துணைக்கு இருந்தால் இன்னும் நல்லது. வீட்டுக்கு வந்து இரண்டாவது மாதம்தான் ஆள் வரத்து நின்றுபோகும். அப்போது போங்கள்.

எங்கள் அசன விருந்தில் (சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் விருந்து) ஒரு தெருக்காரர்களைக் கடைசிப் பந்திக்குத் தள்ளுகிறார்கள். யாரும் வாய் திறப்பதில்லை.

திறந்தாக வேண்டும். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதி (யூதரல்லாத) விசுவாசிகளின் பந்தியிலிருந்து விலகியபோது பவுல் முகத்துக்கு நேரே எதிர்த்தார் (கலாத்தியர் 2:11–14). 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேறுபாடு ஒழிய வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். தஞ்சாவூர்ப் பக்கம் பலர் அதற்காகச் சபையை விட்டே விலகினார்கள். இந்தப் பாவம் நம்மிடம் எவ்வளவு பழையது என்று பாருங்கள்.

அசனத்துக்கு முந்தின கமிட்டிக் கூட்டத்திலேயே தீர்மானம் எழுத வையுங்கள்: வருகிற வரிசையில் டோக்கன், டோக்கன் வரிசையில் பந்தி. பரிமாறும் ஒவ்வொரு குழுவிலும் எல்லாத் தெரு வாலிபரும் இருக்கட்டும். முதல் பந்தியில் குருவானவர் உட்காருவதாக இருந்தால், இதுவரை தள்ளப்பட்டவர்களோடு உட்காரட்டும். கல்லறைத் தோட்டத்தில் தனி வரிசை இருந்தால் அந்தப் பேச்சையும் அதே கூட்டத்தில் எடுங்கள்.

வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு எங்கள் குழுவில் சில வீட்டார் கூப்பிடுவதே இல்லை. என்ன செய்யலாம்?

பலகாரத்தைப் பாருங்கள். ஒரு வீட்டில் கேசரி, வடை, காபி என்று ஆரம்பித்தால் அடுத்த வீட்டுக்கு அது கட்டாயமாகிவிடும், முடியாதவர்கள் ஒதுங்குவார்கள். டீயும் சுண்டலும் மட்டும் என்று குழுவாக முடிவெடுங்கள், வசதியுள்ள வீடு முதலில் அதைக் கடைப்பிடிக்கட்டும். நாற்காலி இல்லாத வீட்டுக்குப் பாய் கொண்டுபோங்கள். ஏழரைக்குத் தொடங்கி இரண்டு பாட்டு, இருபது நிமிஷம் வேத தியானம், மீதி நேரம் ஜெபம். எட்டரைக்கு முடித்துவிடுங்கள், பிள்ளைகளுக்கு மறுநாள் பள்ளிக்கூடம் உண்டு.