பெயருக்குப் பொருள் கேட்பவர்கள் அரபு எழுத்தையும் அனுப்புங்கள்

மகளுக்கு ஆயிஷா என்று வைக்கப் போகிறோம். 'இளவரசி' என்று பொருளாமே?

இல்லை. யாரோ கிளப்பிவிட்டது. ஐன், யா, ஷீன் என்ற மூன்று அரபு எழுத்துகள் இதன் வேர், 'ஆஷ' என்றால் வாழ்ந்தான், ஆயிஷா என்றால் வாழ்பவள். பிள்ளை நல்லபடியாக வாழட்டும் என்ற வேண்டுதல் பெயருக்குள்ளேயே இருக்கிறது. எகிப்தில் ரொட்டிக்கும் வளைகுடாவில் சோற்றுக்கும் 'ஏஷ்' என்கிறார்களே, அதுவும் இந்த வேர்தான்.

துருக்கியில் ஐஷே, செனகலில் ஐஸ்ஸாத்து. இரண்டும் ஆயிஷாதானா?

ஆமாம். கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலி முஸ்லிம்கள் வைக்கும் ஆஷாவும் அதுவே.

அப்படியானால் நம் ஊர் ஆஷா?

அது சமஸ்கிருதம், நம்பிக்கை என்று பொருள். ஒலி ஒத்துப்போவதால் உறவு ஆகிவிடாது.

ஆஸியா என்ற பெயருக்குப் பொருள் என்ன? ஒரே வரியில் சொல்லவும்.

ஒரே வரியில் சொல்ல முடியாது, ஏனென்றால் நீங்கள் எந்த ஆஸியாவைக் கேட்கிறீர்கள் என்றே எழுதவில்லை. எத்தனை தடவை சொல்வது, அரபு எழுத்தில் எழுதி அனுப்புங்கள் என்று! அலிஃபுக்கும் ஐனுக்கும் தமிழில் ஒரே 'அ', ஸீனுக்கும் ஸாதுக்கும் ஒரே 'ஸ', ஆங்கிலத்தில் எழுதினாலும் இதே கதைதான். அலிஃபும் ஸீனும் போட்டால் எகிப்து மன்னன் ஃபிர்அவ்னின் மனைவி பெயர். குர்ஆன் அவரைப் பெயர் சொல்லாமல் 'ஃபிர்அவ்னின் மனைவி' என்றே குறிப்பிடுகிறது, ஆஸியா என்பது ஹதீஸில் (நபிமொழியில்) வருகிறது, அரபு அகராதிப்படி காயத்துக்கு மருந்திடுபவள், ஆறுதல் தருபவள் என்று பொருள் கொள்ளலாம். ஐனும் ஸாதும் போட்டாலோ கீழ்ப்படியாதவள், பாவம் செய்பவள்! உமர் (ரலி) அவர்களின் மகளுக்கு இந்த இரண்டாவது பெயர் இருந்ததை நபிகள் நாயகம் (ஸல்) ஜமீலா என்று மாற்றியது ஸஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. ஆசையாகத் தேர்ந்தெடுத்து, பெயர் சூட்டும் அன்று அரபியில் தப்பான எழுத்தைப் போட்டுவிட்டால் பாவம் அந்தக் குழந்தை. இதைப் படித்த பிறகாவது எழுத்தைப் பார்த்துவிட்டுப் பெயர் வையுங்கள்.

நபிகளாரின் மனைவி அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்த ஹதீஸ்கள் எத்தனை?

சுமார் 2,200.

ஆயிசாவா, ஆயிஷாவா?

பழைய ஆட்கள் ஆயிசா என்றே எழுதினார்கள், இரண்டும் சரி. ஆனால் பிறப்புச் சான்றிதழில் ஒன்று, பள்ளியில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று என்று வைக்காதீர்கள். அப்புறம், முன்பே சொன்னதுதான், அரபியில் ஐன் போட்டு எழுதிக் கொடுங்கள்.

வீட்டில் 'ஆயிஷ்' என்று சுருக்கிக் கூப்பிடலாமா? மாமியார் கூடாது என்கிறார்.

தாராளமாகக் கூப்பிடுங்கள். நபிகள் நாயகமே (ஸல்) தம் மனைவியை 'யா ஆயிஷ்' என்று அழைத்தது புகாரி ஹதீஸ் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது. மாமியாரிடம் அதைக் காட்டுங்கள்.