சாமி பயம் இல்லாமல்

கேள்வி: எனக்குக் கடவுள் நம்பிக்கை விட்டுப்போயிற்று. 'சாமி கண்ணைக் குத்தும்' என்று சொல்லாமல் மகனுக்கு நல்லது கெட்டதை எப்படிப் புரியவைப்பது? எனக்கும் ஒரு பிடிப்பு வேண்டுமே?
- வாசகி, திருமங்கலம்

பதில்: பயத்தில் வளர்ந்த பிள்ளை, ஆள் பார்க்காத இடத்தில் துணிந்துவிடும். கடைக்காரர் பத்து ரூபாய் கூடுதலாகச் சில்லறை தந்துவிட்டாரா? மகனையே கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லுங்கள். ராத்திரி கல்லாவில் அந்தப் பத்து ரூபாய் குறைந்தால் யாருக்கு ஏச்சு விழும் என்று கேளுங்கள்; பதிலை நீங்கள் எடுத்துக்கொடுக்க வேண்டாம். அவனே சொன்னால்தான் மனசில் நிற்கும்.

பிடிப்பு, யோசித்துக்கொண்டே இருந்தால் வராது. அடுத்தவருக்கு உதவும் வேலை ஒன்றைத் தேதி குறித்துச் செய்யுங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் ரத்தம் கொடுக்கலாம்: 18 வயது, 45 கிலோ எடை, ஹீமோகுளோபின் 12.5 கிராம் வேண்டும். ஒருமுறை கொடுத்தால், அடுத்த முறைக்குப் பெண்களுக்கு நான்கு மாத இடைவெளி வேண்டும். வெறும் வயிற்றோடு போனால் மயக்கம் வரலாம், சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.