நீர்க்கட்டி என்ற சொல்லில் ஆரம்பிக்காதீர்கள்
டீச்சர், ஒன்பதாம் வகுப்புப் பெண்களிடம் பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி என்று பலரும் சொல்லும் ஹார்மோன் கோளாறு) பற்றிப் பேசினால் பயந்துவிடுவார்களோ என்று கேட்டிருந்தீர்கள். 'நீர்க்கட்டி' என்ற சொல்லிலேயே பாதி பயம் இருக்கிறது. ஸ்கேனில் தெரிபவை உண்மையில் கட்டிகளே அல்ல. முழுதாக வளராமல் நின்றுபோன, கருமுட்டை இருக்கும் குட்டிப் பைகள். இளவயதில் நிறையப் பேருக்கு அப்படித்தான் தெரியும். அதனால்தான் வயதுக்கு வந்து 8 வருடம் ஆகும்வரை ஸ்கேனை வைத்து பிசிஓஎஸ் என்று முடிவு செய்ய வேண்டாம் என்கிறது 2023 சர்வதேச வழிகாட்டுதல். வயதுக்கு வந்த முதல் வருடம் மாதவிடாய்த் தேதி முன்பின் ஆவது இயல்பு. அதன்பின் இரண்டு மாதவிடாய்க்கு நடுவே உள்ள இடைவெளி ஒருமுறை 90 நாளைத் தாண்டினாலும் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், இதில் வரக்கூடிய மீசை முடி, முகப்பரு பற்றிய கேள்விகளைப் பெயரில்லாத துண்டுச் சீட்டில் வாங்குங்கள். தயவுசெய்து குண்டான பிள்ளையை உதாரணம் காட்டாதீர்கள். ஒல்லியான பெண்களுக்கும் இது வரும்.