லண்டன் சட்டப் பட்டம்: திருப்பூர் சம்பளத்தில் கட்டுபடியாகுமா?

கேள்வி: வயது 39. திருப்பூரில் பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். பி.காம். படித்திருக்கிறேன். மாதச் சம்பளம் 85,000, வீட்டுக் கடன் தவணை 24,000, சீட்டுக்கு 20,000. மகள் ஒன்பதாம் வகுப்பு. வேலையில் இருந்துகொண்டே லண்டன் பல்கலைக்கழக எல்எல்.பி.யைத் தொலைநிலைக் கல்வியில் படிக்க ஆசை. மொத்தம் 9 லட்சம் ஆகும் என்கிறார் ஏஜென்ட். படித்து முடித்தால் கோவையில் வக்கீலாகப் பதிவு செய்யலாம், இல்லாவிட்டால் லண்டன் சொலிசிட்டர் (அந்த நாட்டு வக்கீல்) ஆகலாம் என்றும் சொல்கிறார். 5 லட்சம் சீட்டில் இன்னும் 11 மாதம் பாக்கி. அதை இப்போதே ஏலத்தில் எடுத்துவிட்டு, மீதிக்கு மனைவியின் நகையை வங்கியில் வைக்கலாமா?
- வாசகர், அவிநாசி

பதில்: நகையை வைக்காதீங்க. சீட்டையும் இப்போதே ஏலத்தில் எடுக்காதீங்க. படிப்பைப் பற்றி அப்புறம் பேசுவோம். முதலில் ஏஜென்ட் சொன்னதைப் பார்ப்போம்.

கோவையில் வக்கீல் பதிவு என்பது நடக்காது. தொலைநிலையில் படித்த சட்டப் பட்டத்தை, அது உள்நாட்டுப் பட்டமானாலும் வெளிநாட்டுப் பட்டமானாலும், இந்திய பார் கவுன்சில் பதிவுக்கு ஏற்பதில்லை. வெளிநாட்டுப் பட்டம் செல்ல வேண்டுமானால் அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தில் நேரில் வகுப்புக்குப் போய்ப் படித்திருக்க வேண்டும்; திரும்பி வந்து இங்கே தகுதித் தேர்வும் எழுத வேண்டும். கறுப்பு கோட்டுதான் ஆசை என்றால் உள்ளூரில் மூன்றாண்டுப் படிப்பு இருக்கிறது, ஆனால் 70 சதவீத வருகைப்பதிவு கட்டாயம். அதற்கு வேலையை விட்டாக வேண்டும். 85,000 வீதம் 36 மாதம் என்றால் 30.6 லட்சம். அந்தப் படிப்பின் உண்மையான கட்டணம் அதுதான். பதிவு செய்த பிறகும் முழுநேரச் சம்பள வேலையில் இருந்துகொண்டு வக்கீல் தொழில் செய்ய விதி இடம் தராது.

லண்டன் சொலிசிட்டர் ஆக வழி உண்டு, ஆனால் அதற்கு எல்எல்.பி. தேவையே இல்லை! 2021 செப்டம்பரில் அங்கே எஸ்.க்யூ.இ. என்ற சொலிசிட்டர் தகுதித் தேர்வு வந்துவிட்டது. எந்தப் பாடத்தில் பட்டம் வாங்கியிருந்தாலும் எழுதலாம், உங்கள் பி.காம். அங்குள்ள பட்டத்துக்கு இணை என்று ஏற்கப்பட்டால் போதும். இரண்டு கட்டத் தேர்வுக்கும் சேர்த்துக் கட்டணமே 4,900 பவுண்டு அளவில் வரும். பவுண்டை 115 ரூபாய் என்று வைத்தாலும் 5.6 லட்சம் ஆச்சு. பயிற்சி வகுப்பு தனி. இரண்டாம் கட்டத்தின் வாய்மொழித் தேர்வுக்கு விமானம் ஏறித்தான் போக வேண்டும். முதல் கட்டத்தில் பாஸ் ஆகிறவர்களே ஏறக்குறைய பாதிப் பேர்தான்.

அதைவிடப் பெரிய சிக்கல், சட்டப் பணியில் இரண்டாண்டு அனுபவம் காட்ட வேண்டும் என்பது. அதை வெளிநாட்டிலும் சேர்க்கலாம். ஆனால் உறுதி செய்து கையெழுத்துப் போடுபவர் பொதுவாக இங்கிலாந்து சொலிசிட்டராக இருக்க வேண்டும். அவிநாசி ரோட்டில் அவரை எங்கே தேடுவீங்க?

இனி பணம். ஏலத்தில் எடுத்தால் தள்ளுபடி போக நாலரை லட்சம் கைக்கு வரும் என்று வைத்துக்கோங்க, மாதம் 20,000 கட்டுவதோ நிற்காது. மீதி நாலரை லட்சத்துக்கு நகைக்கடன் என்றால், 9 சதவீத வட்டியிலேயே ஆண்டுக்கு 40,500. கல்விக் கடன் வட்டிக்கு வருமான வரிச்சலுகை உண்டே என்று யாராவது சொல்லுவார்கள். அது பழைய வரி முறையில் மட்டும்தான். உங்கள் ஆண்டு வருமானம் 10.2 லட்சம், புதிய முறையில் உங்களுக்கு வரியே இல்லை. இல்லாத வரியில் எதைக் கழிப்பது? இன்னொன்று, வேலையோடு படித்தால் இந்தப் பட்டம் நாலைந்து வருஷம் இழுக்கும். உங்கள் கடைசித் தேர்வும் மகளின் கல்லூரிக் கட்டணமும் ஒன்றாக வந்து நிற்கும்.

இவ்வளவு சொன்னபின்னும் உங்கள் ஆசையை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். போன வருஷம் என்னிடம் வந்த ஒரு ஏற்றுமதியாளர், சாயப்பட்டறையில் ஒன்பது நாள் தாமதமானதால் கப்பலில் போக வேண்டிய சரக்கை விமானத்தில் அனுப்பியிருந்தார். அந்தச் செலவு முழுவதையும் பையர், அதாவது சரக்கை வாங்கும் வெளிநாட்டுக்காரர், பில்லில் பிடித்துவிட்டார். பி.ஓ. என்கிற ஆர்டர் தாளின் பின்பக்கத்தில் பொடி எழுத்து. சட்டைப்பையிலிருந்து துணியில் இழை எண்ணும் சிறு லென்ஸை எடுத்து, அதை வைத்துத்தான் வரி வரியாகப் படித்தார். தகராறு வந்தால் இங்கிலாந்துச் சட்டமே பொருந்தும் என்று அதில் இருந்தது. பதினைந்து வருஷமாக அந்தத் தாளில் சீல் குத்திக்கொண்டிருந்தவர் அவர்! 2025 ஜூலையில் இந்தியா-பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானபின் அந்த ஊர் பையர்கள் மேல்தான் திருப்பூரின் கண் இருக்கிறது. அந்தப் பின்பக்கத்தைப் படிக்கத் தெரிந்த மெர்ச்சண்டைசருக்கு நிறுவனத்தில் தனி மதிப்பு. அதற்கு முழுப் பட்டம் வேண்டியதில்லை.

பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி தொலைநிலையில் ஓராண்டு முதுநிலை டிப்ளமோக்களை நடத்துகிறது. உங்கள் 9 லட்சத்தில் அது ஒரு சிறு பங்குதான். அதை முடித்தும் லண்டன் பித்து தெளியவில்லையென்றால், லண்டன் பல்கலைக்கழகத்திலேயே எல்எல்.பி.க்கு முந்தைய படியாகப் பொதுச் சட்டச் (காமன் லா) சான்றிதழ் ஒன்று உண்டு. ஒப்பந்தச் சட்டமும் அதில் வரும். பாடவாரியாகப் பணம் கட்டலாம். அதற்குள் சீட்டு முதிர்ந்து முழுப் பணமும் கையில் இருக்கும். முதலாளியிடம் பாதிச் செலவைக் கேட்டுப் பாருங்க, கொடுப்பதானால் எழுத்தில் வாங்கிக்கோங்க. பணம் அனுப்பும்போது கிரெடிட் கார்டைத் தொடாதீங்க, நாணய மாற்றுக்கென்று பல கார்டுகளில் 3.5 சதவீதமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் போகும். வங்கி வழியாக அனுப்புங்க; நிதியாண்டுக்கு 10 லட்சம் வரை டிசிஎஸ் என்கிற முன்கூட்டிய வரியைப் பிடிக்க மாட்டார்கள்.

ஏஜென்ட் பதிவுக் கட்டணம் என்று எதையாவது கேட்டால் அவர் கணக்கில் ஒரு ரூபாய்கூடப் போடாதீங்க. விண்ணப்பத்தையும் கட்டணத்தையும் பல்கலைக்கழகத்துக்கே நேராக அனுப்பலாம், நடுவில் ஆள் வேண்டியதில்லை.