வெள்ளைக்கண் பெண் ஈக்கள் எங்கிருந்து வந்தன?

பெங்களூரில் முதுகலை விலங்கியல் படிக்கும் வாசகி ஒருவர், வெள்ளைக்கண்ணும் எச்சச் சிறகும் (வளராமல் குறுகிப்போன சிறகு) கொண்ட பெண் பழ ஈக்களைச் சிவப்புக்கண்ணும் இயல்பான சிறகும் உடைய ஆண்களோடு கலந்தபோது, முதல் தலைமுறையில் வரவே கூடாத வெள்ளைக்கண் பெண்கள் சில தென்பட்டதாகவும், கணிப்பில் எங்கே பிழை என்றும் கேட்டிருக்கிறார்.

கணிப்பு சரியே. வெள்ளைக்கண் என்பது எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஒடுங்குபண்பு, அதாவது இயல்பான மரபணு உடனிருந்தால் வெளிப்படாத பண்பு. மகன் தன் ஒரே எக்ஸைத் தாயிடம் பெறுவதால் அவனுக்கு வெள்ளைக்கண். மகளுக்குத் தந்தையின் எக்ஸும் கிடைப்பதால் சிவப்புக்கண். எச்சச் சிறகும் ஒடுங்குபண்புதான் என்றாலும், அதன் மரபணு இரண்டாம் குரோமோசோமில், அதாவது இருபாலுக்கும் பொதுவான ஆட்டோசோமில் இருப்பதால், மகன், மகள் எல்லாவற்றுக்கும் இயல்பான சிறகே அமையும்.

ஆகவே அந்தப் பெண் ஈக்களின் சிறகைப் பாருங்கள். சிறகும் எச்சமாக இருந்தால் தாய் கன்னி ஈ (இதற்குமுன் ஆணோடு கூடாத ஈ) அல்ல. பழைய புட்டியிலேயே தன் வகை ஆணோடு கூடி விந்தணுவைச் சேமித்து வைத்திருக்கிறது. 25 டிகிரி வெப்பத்தில், கூட்டிலிருந்து வெளிவந்த 8 மணி நேரத்துக்குள் பெண்களைப் பிரித்துவிட வேண்டும் என்பது இதற்காகத்தான்.

சிறகு இயல்பாக இருந்தால், முதலில் அது பெண்தானா என்று உறுதி செய்யுங்கள். புதிதாக வெளிவந்த ஆணின் வயிற்று நுனி இன்னும் கருத்திருக்காது; முன்னங்காலில் உள்ள கரிய சீப்பு போன்ற முள்வரிசையே நம்பத்தக்க அடையாளம். உண்மையிலேயே பெண் என்றால், தாயின் இரண்டு எக்ஸும் பிரியாமல் ஒரே முட்டைக்குள் போயிருக்கலாம். மரபியலாளர் கால்வின் பிரிட்ஜஸ் 1916இல் இத்தகைய விதிவிலக்கு ஈக்களைக் கொண்டே மரபணுக்கள் குரோமோசோமில் இருப்பதை நிறுவினார். ஆனால் இது மிக அரிது. ஒரே குழாயில் பல கிடைத்தால் ஐயம் உங்கள் கையாளுதல் மீதே விழ வேண்டும்.

கலப்பு சுத்தமாக இருந்தால், முதல் தலைமுறை உடன்பிறப்புகளைத் தம்முள் கலக்கக் கன்னி ஈக்கள் தேவையில்லை. அடுத்த தலைமுறையில் ஆண், பெண் இரண்டிலும் சிவப்பு இயல்பு, வெள்ளை இயல்பு, சிவப்பு எச்சம், வெள்ளை எச்சம் என்பன 3:3:1:1 ஆக வரும். ஏப்ரல் வெயிலில் குளிரூட்டாத ஆய்வகத்தில் வளர்த்தால் எச்சச் சிறகு சற்று நீண்டு எண்ணிக்கையைக் குழப்பும் என்பதையும் கவனியுங்கள்.

இருபாலையும் கட்டாயம் தனித்தனியே எண்ணுங்கள். பெற்றோரை மாற்றி, சிவப்புக்கண், இயல்புச் சிறகுத் தாயையும் வெள்ளைக்கண், எச்சச் சிறகுத் தந்தையையும் வைத்துத் தொடங்கினால், இரண்டாம் தலைமுறைப் பெண்கள் அனைத்தும் சிவப்புக்கண்ணோடும் ஆண்களில் பாதி வெள்ளைக்கண்ணோடும் வரும். ஆனால் இருபாலையும் சேர்த்துக் கூட்டினால் விகிதம் 9:3:3:1 ஆகி, இரண்டுமே ஆட்டோசோம் பண்புகள் போலத் தோற்றமளிக்கும்.