தண்டல் வாங்காமல் மீன் விற்க முடியுமா?

மீன் தொழிலில் இருக்கும் பெண்களின் கேள்விகளுக்கு, ஓய்வு பெற்ற வங்கி அலுவலர் ஒருவர் பதில் அளிக்கிறார்.

காசிமேட்டில் ஏலம் எடுத்துத் தெருவோரம் மீன் விற்கிறேன். முதலுக்குத் தண்டல்தான். 10,000 என்று எழுதிக்கொண்டு 9,000 தருகிறார்கள். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். நூற்றுக்குப் பத்துதானே, பெரிய வட்டியா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பெரிய வட்டிதான், சகோதரி. முழுப் பணமும் 100 நாளும் உங்கள் கையில் இருந்தால் நீங்கள் சொல்லும் கணக்கு சரி. மறுநாளே திருப்பிக் கட்டத் தொடங்கிவிடுகிறீர்கள். ஐம்பதாம் நாள் பாதிப் பணம் போயிருக்கும். வட்டி மட்டும் முழுத் தொகைக்கு. வருடக் கணக்கில் பார்த்தால் ஏறக்குறைய 80 சதவீதம் வருகிறது. என் அம்மா சிந்தாதிரிப்பேட்டையில் மீன் விற்று எங்களை வளர்த்தார். அவர் உழைப்பில் எவ்வளவு தண்டலுக்குப் போனது என்பது வங்கி வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. இன்றும் அதை நினைத்தால் கோபம் வருகிறது.

தெரு வியாபாரிகளுக்கான பிரதமர் ஸ்வநிதி திட்டத்தில் முதல் கடன் 15,000 ரூபாய் வரை கிடைக்கும். ஒழுங்காகக் கட்டினால் அடுத்து 25,000, பிறகு 50,000. ஈடு வேண்டாம், தவறாமல் கட்டினால் 7 சதவீத வட்டி மானியமும் உண்டு. மாநகராட்சி தரும் தெரு வியாபாரி அடையாள அட்டையோ பரிந்துரைக் கடிதமோ தேவை. முதலில் மண்டல அலுவலகத்துக்குப் போய் அதை வாங்குங்கள். தெரு வியாபாரம் உங்கள் உரிமை என்று 2014ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது, தயங்க வேண்டாம்.

பணம் கைக்கு வரும்வரை, நம்பிக்கையான இரண்டு பேரோடு சேர்ந்து ஒரு கூடையை ஏலம் எடுத்துக் கூறு போட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தேவைப்படும் முதலீடு மூன்றில் ஒரு பங்காகிவிடும்.

மீன்பிடித் தடைக்காலத்தைப் பற்றி இப்போதே யோசியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். நாட்டுப்படகு மீன் மட்டும் வருவதால் விலை ஏறும். அதே கூடைக்கு அதிக முதல் வேண்டும். தண்டல்காரர் தேடி வருவதும் அப்போதுதான். மீனவ மகளிர் கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்து சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் 1,500 ரூபாய் கட்டினால், அரசின் பங்கு 3,000 சேர்ந்து 4,500 மீன்வரத்து குறைந்த மாதங்களில் கிடைக்கும்.

மத்தி, கானாங்கெளுத்தி மதியத்துக்குள் குழைந்துவிடுகிறது. வாங்கியவர்கள் உடம்பு அரிக்கிறது என்கிறார்கள். ஐஸுக்குச் செலவு செய்தால் லாபம் நிற்குமா?
– வாசகி, காசிமேடு

நிற்கும். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ். உருகிய நீர் வடிய பெட்டியில் துளை. இந்த மீன்கள் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் உண்டாகும். அரிப்புக்குக் காரணம் அதுவாக இருக்கலாம். கொதிக்க வைத்தாலும் அது போகாது. ஐஸை மிச்சம் பிடித்தால் வாடிக்கையாளர் போய்விடுவார்.

என் பெயரில் இறால் குளத்துக்கு மானியம் வாங்கப் போவதாகக் கணவர் சொல்கிறார். கையெழுத்து மட்டும் போடச் சொல்கிறார். போடலாமா?
– வாசகி, பொன்னேரி

படித்துப் பார்த்துப் போடுங்கள். பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீத மானியம், பெண்களுக்கு 60 சதவீதம். பல வீடுகளில் பெண்ணின் பெயர் இதற்காகத்தான் நினைவுக்கு வருகிறது. இறாலில் நோய் விழுந்து குளம் போனால், மீதிப் பணத்துக்கு வாங்கிய கடன் உங்கள் பெயரில் நிற்கும். ஆகவே வங்கிப் புத்தகம் உங்களிடம் இருக்கட்டும். கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பண்ணைப் பதிவும் உங்கள் பெயரில்தானா என்று பாருங்கள். தீவனம் எவ்வளவு வாங்கினார்கள், இறால் என்ன விலைக்குப் போனது என்று நீங்களே எழுதி வையுங்கள். இதற்குக் கணவர் சம்மதிக்காவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.